தி. நகருக்குள் மறைந்திருக்கும் தியாகராயர்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

தெருவுக்கும் திடலுக்கும், பூங்காவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் பெரியோர் பெயரைச் சூட்டுவது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வரும் நல்ல வழக்கம். ஓர் ஊருக்காக உழைத்தவரை அவ்வூர் மறந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் நாள்தோறும் வாயில் புழங்கும் பெயருக்கு ஓர் ஆபத்து உண்டு. கை மாறிக் கை மாறி நாணயத்தின் முகம் தேய்வதைப்போலப் பெயரும் தேய்ந்துவிடும். முழுப்பெயர் முதலெழுத்தாகும்; முதலெழுத்து வெறும் ஓசையாகும்; அந்த ஓசைக்குப் பின்னே ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதே மறந்து போகும்.

இதற்குச் சென்னையின் தியாகராய நகரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறு வேண்டுமா? தீபாவளிக்குத் துணியெடுக்கவும், திருமணத்துக்கு நகையெடுக்கவும் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்தாரும் தேடிப்போகும் இடம் அது. தி. நகர் என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் 'தி' யார்? நம் விடுதி நண்பர்கள் மூவரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் திருவையாற்றில் வாழ்ந்த இசை மேதை தியாகராஜ சுவாமிகள் என்றார். மற்றொருவர் பழைய திரைப்பட நடிகர் பாகவதர் என்றார். மூன்றாமவர், அது ஓர் எழுத்து, அவ்வளவுதான் என்று சொல்லிச் சிரித்தார். அவர்களைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. பெயர்ப் பலகை பெயரை மட்டுமே சொல்கிறது. வாழ்க்கையை நாம்தாம் சொல்ல வேண்டும். அந்தத் 'தி'க்கு உரியவரான சர் பிட்டி தியாகராயரின் வாழ்க்கையை நான் அறிந்தவரையில் இங்கே சொல்ல முற்படுகிறேன். அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கும் நாம் இக்கல்லூரியின் பெஞ்சில் அமர்ந்திருப்பதற்கும் நேரான தொடர்பு உண்டு என்று நான் நம்புகிறேன்.

தறியும் கல்வியும்

தியாகராயர் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட தேவாங்கர் குலம். நெசவும் வணிகமும் குடும்பத் தொழில். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். நெசவைத் தொழிலாகக் கொண்ட ஒரு குடும்பத்துப் பிள்ளை பட்டதாரி ஆவது அந்நாளில் எளிதான செயலன்று. பட்டம் பெற்றவர்கள் பலரும் அரசு உத்தியோகத்தை நாடிய காலத்தில், அவர் தம் குலத்தொழிலை விட்டுவிடவில்லை. வடசென்னையிலேயே வாழ்ந்தார், அங்கேயே நெசவுக்கூடம் அமைத்தார்.

இங்கே என் வீட்டைப் பற்றி ஒரு சொல். என் தந்தையார் குழித்தறி நெசவாளர். அம்மா தார் சுற்றுவார். தறியின் மேலே தொங்கும் கயிற்றை அப்பா சுண்டி இழுத்தால், நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தானே ஓடும். அந்த ஓசையைக் கேட்டுத்தான் நான் படித்து வளர்ந்தேன். பாட்டன் காலத்துக்கு முன்பு, நாடாவை ஒரு கையால் வீசி மறு கையால் பிடிக்க வேண்டும். கயிறிழுத்து ஓட்டும் நாடா வந்த பிறகுதான் ஒரே நாளில் கூடுதல் முழம் நெய்ய முடிந்தது. ஆலைத் துணியோடு போட்டியிட்டுக் கைத்தறி பிழைத்துக் கிடந்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்புதிய முறையைச் சென்னையில் தம் நெசவுக்கூடத்தில் கையாண்டு பார்த்தவர்களுள் தியாகராயரும் ஒருவர். அவர் பெயரை என் தந்தையார் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் அக்கறை காட்டிய அதே மாற்றம் எங்கள் வீட்டுத் தறியிலும் தொங்குகிறது.

1909ஆம் ஆண்டில் இந்திய வணிகர்கள் தங்களுக்கென்று தென்னிந்திய வர்த்தக சபையைத் தோற்றுவித்தபோது, அதன் முன்னணியில் நின்று தலைமை ஏற்றவரும் அவரே. உள்ளூர்த் தொழில் வாழ்ந்தால்தான் உள்ளூர் மக்கள் வாழ்வார்கள் என்பது அவர் கொள்கை.

நகராட்சி மன்றத்தில் நாற்பதாண்டு

அரசியல் என்றதும் நாம் சட்டமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் நினைக்கிறோம். தியாகராயரோ குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, தொடக்கப்பள்ளி என்று தொடங்கியவர். 1882ஆம் ஆண்டில் சென்னை நகராட்சி மன்றத்தில் நுழைந்தவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே தொண்டாற்றினார். அரசு அதிகாரிகளே தலைமை தாங்கி வந்த அம்மன்றத்துக்கு, அதிகாரி அல்லாத முதல் தலைவராகவும் அவர் அமர்ந்தார். தூய வெண்ணிற உடையையே எப்போதும் அணிந்தமையால் மக்கள் அவருக்கு வெள்ளுடை வேந்தர் என்று பெயர் வைத்தார்கள். அரசு அளித்த சர் பட்டத்தைவிட மக்கள் அளித்த இப்பெயரே இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது.

அதே மன்றத்தில் அவரோடு எதிரெதிர் நின்று வாதாடியவர் டாக்டர் டி. எம். நாயர். இருவரும் திறமையாளர்கள், இருவருக்கும் ஒத்துப்போகாது. இந்த இருவரையும் ஒன்றுசேர்த்த பெருமை டாக்டர் சி. நடேசனாரைச் சேரும். சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்கள் தங்க இடமின்றித் தவித்தபோது, திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தியவர் அவர். பொதுநோக்கம் பெரிதானபோது சொந்தப் பகை சிறிதாயிற்று. 1916ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் சென்னையில் கூடிய கூட்டத்தில் அம்மூவரும் கைகோத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததே தென்னிந்திய நல உரிமைச் சங்கம். அது நடத்திய ஆங்கில நாளேட்டின் பெயரால் மக்கள் அதை நீதிக்கட்சி என்று அழைத்தார்கள்.

அன்று என்ன அவசரம் வந்தது என்று கேட்போருக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 1914ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்த பட்டதாரிகள் 650 பேர். அவர்களுள் பிராமணர் 452 பேர். பிராமணரல்லாத இந்துக்கள் 124 பேர். ஏனைய சமூகத்தார் 74 பேர். மக்கள்தொகையிலோ பிராமணர் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. இதை எந்த மனிதர்மீதும் வெறுப்போடு நான் எழுதவில்லை. கல்வியின் கதவு எத்தனை குறுகலாகத் திறந்திருந்தது என்பதைக் காட்டவே எழுதுகிறேன். உழுபவன் மகனும் நெய்பவன் மகனும், மண் சுமப்பவள் மகளும் அந்த 650 பேரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு நம் வகுப்பறையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

வேண்டாம் என்ற பதவி

1920ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. நீதிக்கட்சி பெரும்பான்மை பெற்றது. கட்சியின் தலைவர் என்ற முறையில் அமைச்சரவை அமைக்கும்படி தியாகராயரை ஆளுநர் வெலிங்டன் பிரபு அழைத்தார். மாகாணத்தின் முதல் முதலமைச்சர் என்ற பெயர் அவர் வாசலில் வந்து நின்றது. அவர் ஏற்கவில்லை. கட்சித் தலைமையோடு நின்றுகொண்டு, கடலூர் சுப்பராயலு ரெட்டியாருக்கு அப்பதவி செல்ல வழிசெய்தார். அவருக்குப் பின் 1921இல் பனகல் அரசர் முதலமைச்சரானார். அவ்வாண்டிலேயே பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அரசுப் பணியில் எல்லா வகுப்பாருக்கும் இடம் தரவேண்டும் என்ற முதல் வகுப்புரிமை ஆணையும் அவ்வாண்டில்தான் பிறந்தது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே வாக்கு இருந்த காலம் அது. கட்சியில் நிலக்கிழார்களும் செல்வர்களும் நிறைந்திருந்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவரான எம். சி. ராஜா, தம் மக்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று மனம் வெதும்பி அக்கட்சியை விட்டு வெளியேறினார். தியாகராயர் பெயரைப் போற்றும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஒருவரைத் தெய்வமாக்கி விட்டால் அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

ஓரணாவில் ஒரு புரட்சி

அவர் வாழ்வில் என்னை மிகவும் தொட்ட செய்தி, எந்தப் பெரிய மாநாட்டிலும் நடந்ததன்று. 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. தியாகராயர் தலைமையில் இருந்த மன்றம் அது. ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்குவது, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது, இவ்வளவுதான் தீர்மானம். அப்பகுதிப் பிள்ளைகள் வறியவர்கள். பசியால் பள்ளிக்கு வருவது குறைகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அத்திட்டம் விரிந்தது. விளைவு என்ன? அப்பள்ளிகளில் 1922-23ஆம் ஆண்டில் 811 ஆக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, 1924-25ஆம் ஆண்டில் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இரு மடங்கு! பிள்ளைகளுக்குப் படிப்பில் விருப்பமில்லை, பெற்றோருக்கு அக்கறையில்லை என்று பேசி வந்தவர்களுக்கு இந்த எண்களே விடை. பிள்ளைக்கு அறிவு குறைவில்லை. வயிற்றில் சோறுதான் குறைவு.

ஆனால் ஆங்கில ஆட்சி இதைப் பொறுக்கவில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவழிக்கக் கூடாது என்று தடை விதித்தது. 1925ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளோடு அத்திட்டம் நின்றது. அதே ஏப்ரல் 28ஆம் நாள் தியாகராயர் மறைந்தார். எழுபத்து மூன்றாம் பிறந்தநாள் கழிந்த மறுநாள் அது. தாம் தலைமை வகித்த மன்றம் மூட்டிய அடுப்பு அணைந்ததைப் பார்த்துவிட்டே அவர் கண்மூடினார்.

அடுப்பு அணைந்தது, நெருப்பு அணையவில்லை. மாநகராட்சி மன்றம் மீண்டும் மீண்டும் வாதாடி, 1927இல் 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு வழங்க வழிகண்டது. 1956இல் பெருந்தலைவர் காமராசர் மதிய உணவைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுசென்றார். 1982இல் எம். ஜி. ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. கட்சிகள் மாறின, கொடிகள் மாறின. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்ற அந்தப் பழைய தீர்மானத்தின் கருத்து மட்டும் மாறவில்லை.

நான் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சத்துணவு உண்டவன். கூலிக்கு நூல் கிடைக்காத மாதங்களில் எங்கள் வீட்டில் பகலில் உலை வைப்பதில்லை. பள்ளி உள்ள நாள்களில் என் பங்குச் சோற்றைப் பற்றி அம்மா கவலைப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குக் கவலை. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது என் மூளை மட்டும்தான் என்று சொன்னால் நான் நன்றி கெட்டவன் ஆவேன். பள்ளிச் சமையலம்மாவின் கரண்டிக்கும், அக்கரண்டிக்கு வித்திட்ட ஓரணாத் தீர்மானத்துக்கும் அதில் பங்குண்டு. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கேனும் இதே கதைதான் என்பதை நான் அறிவேன்.

ஏரி நகரான கதை

இனி, அவர் பெயர் ஒரு நகருக்கு வந்த வரலாற்றைப் பார்ப்போம். மாம்பலத்தை அடுத்து அந்நாளில் நீண்டு கிடந்தது ஒரு பேரேரி. ஆங்கிலேயர் அதை லாங் டேங்க் என்றனர். சென்னையில் குடியிருப்புக்கு இடம் போதாமையால், 1923 முதல் 1925 வரையிலான ஆண்டுகளில் அவ்வேரியின் நீரை வடித்து, மண்ணிட்டு நிரப்பி, நடுவில் பூங்காவும் சுற்றிலும் அகன்ற சாலைகளுமாக ஒரு புதுநகரை எழுப்பினார்கள். அதுவே தியாகராய நகர். ஏரியைத் தூர்த்தது நல்லதா என்று இன்று பெருமழை பெய்து தெருவெல்லாம் நீர் நிற்கும்போது நாம் கேட்கிறோம். மேற்கு மாம்பலத்தில் ஏரியே இல்லாத இடத்தில் லேக் வியூ சாலை என்று ஒரு சாலை இருப்பதைப் பாருங்கள். அங்கே ஏரியின் நினைவைக் காப்பதும் ஒரு பெயர்தான்.

அப்புதுநகரின் பூங்காக்களிலும் சாலைகளிலும் அக்காலத்துப் பொதுவாழ்வே எழுதப்பட்டிருக்கிறது. நடுவிலுள்ள பூங்கா பனகல் அரசர் பெயரைத் தாங்குகிறது. மற்றொரு பூங்காவில் நடேசனார் இருக்கிறார். உஸ்மான் சாலையில் முகமது உஸ்மான் இருக்கிறார். தணிகாசலம் சாலை ஓ. தணிகாசலத்தாரை நினைவூட்டுகிறது. நகராட்சி மன்றத்தில் தியாகராயரை எதிர்த்து நின்ற டாக்டர் நாயருக்கும் அங்கே ஒரு சாலை உண்டு. பாண்டி பஜார் என்றதும் பாண்டிச்சேரியை நினைப்போர் பலர். அது உண்மையில் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார் பெயரால் அமைந்த அங்காடி. அந்தக் கடைவீதி வழியாகச் செல்லும் பெருஞ்சாலையின் பெயரே தியாகராயர் சாலை. பேரம் பேசிக்கொண்டு அவர் பெயரின்மேல் நடப்போர் ஆயிரமாயிரம்.

வடசென்னையும் அவரை மறக்கவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் 1950இல் தொடங்கிய சர் தியாகராயா கல்லூரி அவர் பெயரால் விளங்குகிறது. 2021இல் அக்கல்லூரியின் பெயரையே தாங்கிய மெட்ரோ ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. ரிப்பன் மாளிகையில் அவர் சிலையாக நிற்கிறார். ஆக நகரும், சாலையும், கல்லூரியும், ரயில் நிலையமும் அவர் பெயரைச் சொல்கின்றன. இத்தனை இருந்தும் அவரைத் தெரியாது என்றால், பெயர் சூட்டுவதோடு கடமை முடியவில்லை என்றுதானே பொருள்?

நாம் செய்யக்கூடியது

பெயர் சூட்டு விழாவுக்கு மாலையும் ஒலிபெருக்கியும் போதும். பெயரைக் காப்பதற்கு நினைவு வேண்டும். ஒவ்வொரு பெயர்ப் பலகையின் கீழும் இரண்டே வரிகள் இருந்தால் போதும்: இவர் எந்த ஆண்டில் பிறந்தார், எந்த ஆண்டில் மறைந்தார், இவ்வூருக்கு என்ன செய்தார். தியாகராய நகரின் பலகையில், பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் உணவளித்த மாநகராட்சியின் தலைவர் என்று ஒரு வரி இருந்திருந்தால், அங்கே கடைக்குப் போகும் ஒவ்வொரு தாயும் அவரைத் தெரிந்துகொண்டிருப்பாள் அல்லவா?

சென்னை தொலைவில் இருக்கிறது. நம் ஊர் காலடியில் இருக்கிறது. நம் கல்லூரி அமைந்த இவ்வூரிலும் பெயர் தாங்கிய தெருக்கள் உள்ளன. பெயர் தாங்கிய பள்ளிக் கட்டடம் உள்ளது. பெயர் தாங்கிய படிப்பகம் உள்ளது. அவற்றுள் சில, பள்ளிக்கு நிலம் கொடுத்தவர்களின் பெயராக இருக்கலாம். சில, கிணறு வெட்டியவர்களின் பெயராக இருக்கலாம். எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் சிலர் இன்னும் அவர்களை அறிவார்கள். அவர்களும் போய்விட்டால் கேட்க ஆளிருக்காது. ஆகவே வரும் ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், குப்பை அகற்றுவதோடும் மரக்கன்று நடுவதோடும் இந்தப் பணியையும் சேர்த்துக்கொள்ளுமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவோடு வேண்டுகிறேன். தெருவுக்கு இருவர் வீதம் சென்று கேட்டு, எழுதி வைப்போம். அடுத்த ஆண்டு மலரில் நம் ஊர்ப் பெயர்களின் வரலாறு அச்சாகட்டும்.

புதிய தெருவுக்குப் பெயர் வைக்கும் வாய்ப்பு நம்மில் யாருக்கேனும் ஒருநாள் வரலாம். நம்மில் ஊராட்சி மன்றத்துக்குச் செல்வோர் இருப்பார்கள். அதிகாரியாக வருவோர் இருப்பார்கள். அப்போது பணம் படைத்தவரையும் பதவியில் இருப்பவரையும் தேடாமல், முப்பது ஆண்டுகள் சத்துணவு சமைத்த ஓர் அம்மாளையும், ஊருக்கு முதன்முதலில் எழுத்தறிவித்த ஓர் ஆசிரியரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு உரியவர்கள் அவர்களே. முதலமைச்சர் பதவியை வேண்டாம் என்றவர் பெயர் ஒரு நகருக்கு நிலைத்திருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

வாழ்க வெள்ளுடை வேந்தர் புகழ்!